பொதுப் பணத்துக்கு விதி கேட்ட துர்காபாய்

புது தில்லி: தில்லி மெட்ரோ ரயிலின் இளஞ்சிவப்புத் தடத்தில், தில்லிப் பல்கலைக்கழகத்தின் தெற்கு வளாகத்தை ஒட்டி அமைந்துள்ள நிலையம் துர்காபாய் தேஷ்முக்கின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2018-ல் திறக்கப்பட்ட அந்த நிலையத்தை நாள்தோறும் கடந்து செல்லும் மாணவ, மாணவியரில் பெரும்பாலோருக்கு அந்தப் பெயருக்குரியவர் யாரென்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை. சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தில் அவர் பெயரிலுள்ள சாலையில் செல்வோரின் நிலையும் அதுவே.

சமூக சேவகி என்ற ஒரே சொல்லில் அவரை அடக்கிவிடுவது வழக்கமாகிவிட்டது. அரசியல் நிர்ணய சபையில் இடம்பெற்ற 15 பெண்களில் அவரும் ஒருவர். சபைத் தலைவர் இல்லாத வேளையில் அவையை நடத்துவதற்கென அமைந்த தலைவர்கள் பட்டியலில் இருந்த ஒரே பெண் அவர். வழக்கறிஞர், சட்டத்தின் ஒவ்வொரு சொல்லையும் எடை போட்டுப் பார்த்தவர். பின்னாளில், அரசுப் பணத்தை அரசுக்கு வெளியே உள்ள அமைப்புகளிடம் ஒப்படைத்து மக்கள் பணி செய்விப்பதற்கு நாட்டில் முதன்முதலாக ஒரு பெரிய ஏற்பாட்டை உருவாக்கியவரும் அவரே.

அரசு மேசை நாற்காலி வாங்கினால் ஒப்பந்தப்புள்ளி கோர வேண்டும். பாலம் கட்டினால் ஒப்பந்தக்காரருடன் ஒப்பந்தம் எழுத வேண்டும். விலையை ஒப்பிடலாம்; குறைந்த தொகை கோரியவருக்குக் கொடுக்கலாம். கைவிடப்பட்ட பெண்களுக்கு இல்லம் நடத்தும் ஒரு சிறு ஊர்ச் சங்கத்துக்குப் பணம் தந்து அந்தப் பணியைத் தொடரச் சொல்லும்போது எந்த அளவுகோலைக் கொண்டு தேர்ந்தெடுப்பது? தகுதியுள்ளவர் யார் என்பதை யார் முடிவு செய்வது? கொடுத்த பணம் போய்ச் சேர்ந்ததா என்பதை யார் பார்ப்பது? அரசுக் கொள்முதல் பற்றிய விவாதங்களில் இந்தப் பகுதி எப்போதும் ஓரத்திலேயே இருந்து வந்திருக்கிறது. துர்காபாயின் பொதுவாழ்வில் பாதி இந்தக் கேள்விகளோடுதான் கழிந்தது.

இரண்டணா நுழைவுச்சீட்டு

1909 ஜூலை 15-ம் தேதி ராஜமுந்திரியில் பிறந்தவர் துர்காபாய். வளர்ந்தது காக்கிநாடாவில். எட்டு வயதில் திருமணம் செய்து வைத்தார்கள். விவரம் தெரிந்த வயதில் அந்தப் பந்தத்திலிருந்து அவர் விலகிக் கொண்டார். தந்தையும் அதற்குத் தடை சொல்லவில்லை. அந்தக் காலத்து ஆந்திரத்தில் அது சாதாரணச் செய்தி அல்ல.

1921-ல் காந்தியடிகள் காக்கிநாடா வந்தபோது துர்காபாய்க்குப் பன்னிரண்டு வயதுகூட நிறையவில்லை. தேவதாசிப் பெண்களும் கோஷா முறையில் இருந்த முஸ்லிம் பெண்களும் காந்தியடிகளைச் சந்திக்க வேண்டும் என்று விரும்பினார். ஐயாயிரம் ரூபாய் நிதி திரட்டித் தந்தால் நேரம் ஒதுக்கலாம் என்று உள்ளூர் ஏற்பாட்டாளர்கள் நிபந்தனை விதித்தனர். அந்தத் தொகையைத் தேவதாசிப் பெண்களே திரட்டிக் கொடுத்தனர். கூட்டம் நடந்தது. காந்தியடிகளின் இந்தி உரையை மேடையில் நின்று தெலுங்கில் சொன்னது அந்தச் சிறுமிதான். அப்போதே இந்தி படித்துப் பிற பெண்களுக்குக் கற்பிக்கவும் தொடங்கியிருந்தார்.

1923 டிசம்பரில் காங்கிரஸ் மாநாடு காக்கிநாடாவில் கூடியது. அதையொட்டி நடந்த கதர்க் கண்காட்சியின் வாசலில் தொண்டராக நிறுத்தப்பட்டார் துர்காபாய். நுழைவுச்சீட்டு இல்லாத எவரையும் உள்ளே விடக்கூடாது என்பது அவருக்கு இடப்பட்ட கட்டளை. சீட்டின் விலை இரண்டணா. ஜவாஹர்லால் நேரு வந்தார்; கையில் சீட்டு இல்லை. பதினான்கு வயதுப் பெண் அவரைத் தடுத்து நிறுத்திவிட்டார். பதறிப்போன ஏற்பாட்டாளர்கள் சிறுமியைக் கடிந்துகொண்டனர். கடைசியில் நேருவுக்காகச் சீட்டு வாங்கிக் கொடுத்த பிறகே அவருக்கு வழி விடப்பட்டது. நேரு கோபப்படவில்லை, சிறுமியின் கடமை உணர்வைப் பாராட்டிவிட்டுச் சென்றார்.

துர்காபாயைப் பற்றி எழுதும் அனைவரும் தவறாமல் சொல்லும் சம்பவம் இது. அடிக்கடி சொல்லப்பட்டு மெருகேறிப்போனதால், அதிலுள்ள கடினமான பகுதி மறைந்துவிடுகிறது. சீட்டு விற்ற பணம் கதர் இயக்கத்துக்குரிய பொதுப்பணம். வந்தவரோ அந்த இயக்கத்தின் முன்னணித் தலைவர்களில் ஒருவர். இவருக்கு எதற்குச் சீட்டு என்று நினைப்பதுதான் எல்லோருக்கும் இயல்பு. பொதுப்பணத்தில் ஓட்டை விழுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

சிறையும் சட்டமும்

1930-ல் சென்னையில் நடந்த உப்புச் சத்தியாக்கிரகத்தில் டி. பிரகாசம் போன்றோருடன் துர்காபாயும் முன்னின்றார். 1930-க்கும் 1933-க்கும் இடையே மூன்று முறை சிறை சென்றார். வேலூர்ச் சிறையில் சக கைதிகளாக இருந்த எழுத்தறிவற்ற பெண்களுடன் பழகினார். தங்கள் மீதான குற்றச்சாட்டு என்ன, வாக்குமூலத்தில் என்ன எழுதப்பட்டுள்ளது என்பதுகூடத் தெரியாமல் தண்டனை அனுபவித்தவர்கள் அவர்களில் இருந்தனர். மதுரைச் சிறையில் தனிமைக் கொட்டடியில் அடைக்கப்பட்டிருந்த மாதங்கள் அவரது உடல்நலத்தைக் கெடுத்தன. வழக்கறிஞராக வேண்டும் என்ற எண்ணம் சிறையில்தான் உறுதிப்பட்டது.

பள்ளிக்கூடப் படிப்பே முறையாக முடியாதவர் அவர். விடுதலையான பின், வீட்டிலிருந்தே படித்துக் காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் மெட்ரிகுலேஷன் தேர்வை எழுதினார். வால்டேரில் ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் படிக்கச் சென்றபோது, பெண்களுக்கு விடுதி இல்லை என்பது தடையாக நின்றது. விடுதி இல்லாததால் படிக்க முடியாமல் இருந்த பிற பெண்களைத் தேடிச் சேர்த்து, அவர்களுக்கென்று ஒரு விடுதியையே தொடங்கிவிட்டார். அதன் பிறகு பல்கலைக்கழகத்தால் மறுக்க இயலவில்லை. 1942-ல் சென்னையில் சட்டப் பட்டம் பெற்று உயர் நீதிமன்றத்தில் தொழிலைத் தொடங்கினார்.

இதற்கிடையே மயிலாப்பூரில் தம் வீட்டருகே உள்ள சிறுமியருக்குப் பாடம் சொல்லித்தரத் தொடங்கியது 1937-ல் ஆந்திர மகிள சபையாக உருவெடுத்தது. படிப்பைப் பாதியில் விட்ட பெண்களையும் இளம் விதவைகளையும் காசிப் பல்கலைக்கழகத் தேர்வுக்குத் தயார் செய்வது அதன் முதல் வேலை. நன்கொடை திரட்டினார், வாடகை கொடுத்தார், கணக்கு எழுதினார். ஒரு தொண்டு நிறுவனம் மாதக் கடைசியில் எப்படித் திண்டாடும் என்பதைச் சட்டமியற்றும் அவைக்கு வருமுன்பே அனுபவித்து அறிந்தவர் அவர். அவையில் உட்கார்ந்து மானியக் கோரிக்கைகள் மீது பேசிய எத்தனையோ பேருக்கு வாய்க்காத பயிற்சி அது.

நிர்ணய சபையில்

1946-ல் சென்னை மாகாணத்திலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது துர்காபாய்க்கு வயது 37. ஜி. துர்காபாய் என்றே சபைக் குறிப்புகளில் அவர் பெயர் காணப்படுகிறது. அவர் கொண்டு வந்த திருத்தங்களின் தன்மை ஒன்றே: நல்ல எண்ணத்தோடு எழுதப்பட்ட ஒரு விதியில், எவரேனும் நுழைந்து தப்பித்துக்கொள்ள இடமிருந்தால் அதை அடைப்பது.

கோயில்களைத் திறந்துவிடுவது தொடர்பான பிரிவு அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பொதுத்தன்மையுள்ள இந்து சமய நிறுவனங்களை இந்துக்களில் ஏதேனும் ஒரு வகுப்பினருக்கோ பிரிவினருக்கோ திறந்துவிட அரசு சட்டம் இயற்றலாம் என்ற பொருளில் வரைவு வாசகம் அமைந்திருந்தது. அதை எல்லா வகுப்பினருக்கும் எல்லாப் பிரிவினருக்கும் என்று மாற்றவேண்டும் எனத் திருத்தம் கொடுத்தார். இன்று அரசமைப்புச் சட்டத்தின் 25-வது பிரிவில் உள்ளது அந்த விரிந்த வாசகம்தான். ஒரு சொல் மாற்றம். ஆனால், ஒரு பிரிவினரை மட்டும் அனுமதித்துவிட்டு விதியை நிறைவேற்றியதாகச் சொல்லிக்கொள்ளும் வழி அடைபட்டது.

மாநிலங்களவை உறுப்பினராவதற்குக் குறைந்தபட்ச வயது 35 என்று 1949-ல் முன்மொழியப்பட்டபோது அதை 30 ஆகக் குறைக்கத் திருத்தம் கொண்டு வந்தவரும் அவரே. அறிவு வயதைப் பொருத்து வருவதல்ல என்பது அவரது வாதம். சபை ஏற்றுக்கொண்டது. அந்தத் திருத்தமே 84-வது பிரிவில் நிலைத்திருக்கிறது. அடிப்படை உரிமைகளுக்காக உச்ச நீதிமன்றத்தை அணுகும் உரிமையின் அருமையை வலியுறுத்தினார். சிறுவர்களும் இளம் வயதினரும் சுரண்டப்படாமல் காக்கப்பட வேண்டும் என்றும் பேசினார்.

மொழி விவாதம் நடந்தபோது அவரது பேச்சு பலரைத் திகைக்க வைத்தது. சிறு வயது முதல் ஆந்திரத்துப் பெண்களுக்கு இந்தி கற்பித்தவர், இந்தி ஆதரவாளர்களின் அவசரமும் ஆவேசமும் தென்னாட்டில் அந்த மொழிக்கு இருந்த நல்லெண்ணத்தைக் கெடுத்துவிட்டதாக அவர்கள் முகத்துக்கு நேராகவே சுட்டிக்காட்டினார். தென்னிந்திய உறுப்பினர்கள் சொன்னதைவிட அவர் சொன்னது கூடுதலாகச் சுட்டிருக்கும். மற்றவர்களைப் போல் அவரை இந்தி விரோதி என்று ஒதுக்க முடியாது.

அரசுப் பணத்தைச் செலவிடுவது பற்றிய அடிப்படை விதிகளையும் அந்தச் சபையே வகுத்தது. நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் இல்லாமல் தொகுப்பு நிதியிலிருந்து ஒரு காசு எடுக்க முடியாது. மத்திய அரசின் ஒப்பந்தங்கள் குடியரசுத் தலைவரின் பெயரால் செய்யப்பட வேண்டும். இது 299-வது பிரிவு. பொது நோக்கம் எதற்கும் மத்திய, மாநில அரசுகள் மானியம் வழங்கலாம் என்பது 282-வது பிரிவு. வாங்குவதற்கு ஒரு வாசல், வழங்குவதற்கு மற்றொரு வாசல் என்று இரண்டு வழிகள் திறந்தன. முதல் வழியில் நடப்போர் வடிவம் தவறினால் ஒப்பந்தமே செல்லாமல் போகும் அளவுக்கு நீதிமன்றங்கள் பின்னாளில் கண்டிப்புக் காட்டின. இரண்டாவது வழியைப் பற்றி அரசமைப்புச் சட்டம் அதிகம் பேசவில்லை.

தாற்காலிக நாடாளுமன்றம் என்று அழைக்கப்பட்ட 1950-52 அவையிலும் துர்காபாய் தொடர்ந்தார். இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா மீதான கடும் வாக்குவாதங்களில் மகள்களின் சொத்துரிமைக்காக நின்றார். அந்த அவைதான் 1951-ல் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தை நிறைவேற்றியது. அரசுக்குப் பொருள் வழங்கும் ஒப்பந்தத்திலோ, அரசு வேலைகளைச் செய்யும் ஒப்பந்தத்திலோ பங்குள்ளவர் உறுப்பினராக இருக்கத் தகுதியற்றவர் என்று அச்சட்டம் விதித்தது. அரசிடம் வியாபாரம் செய்பவரே அரசைக் கேள்வி கேட்கும் இடத்தில் அமரக்கூடாது என்ற நெறி அப்படித்தான் சட்டமாயிற்று.

மூன்றணாவுக்கு ஒரு வாரியம்

1952 முதல் பொதுத் தேர்தலில் ராஜமுந்திரித் தொகுதியில் துர்காபாய் தோற்றார். அவ்வளவு பேர் பெற்ற ஒருவர் முதல் மக்களவைக்குள் நுழைய முடியாமல் போனது அப்போது பலருக்கும் வியப்பாக இருந்திருக்க வேண்டும். அத்துடன் அவரது நாடாளுமன்ற வாழ்வு முடிந்தது. அதே ஆண்டில் பிரதமர் நேரு அவரைத் திட்டக் குழு உறுப்பினராக்கினார். சமூக சேவைத் துறை அவர் பொறுப்பு. காக்கிநாடா வாசலில் தடுக்கப்பட்டவர் தடுத்தவரிடம் பணப் பொறுப்பைத் தந்தார் என்று சொல்லத் தோன்றுகிறது. உண்மையில் இடைப்பட்ட 29 ஆண்டுகளின் உழைப்புதான் அதற்குக் காரணம்.

திட்டக் குழுவில் அவர் கண்ட காட்சி இது. விதவைகள், அநாதைக் குழந்தைகள், பார்வையற்றோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கான பணியில் பெரும்பகுதியை நாடெங்கும் சிறு சிறு தனியார் சங்கங்களே செய்து வந்தன. அவற்றுக்கு அரசிடமிருந்து பணம் பெறும் வழி தெரியாது. தெரிந்தாலும் கல்வித் துறைக்கு ஒரு மனு, சுகாதாரத் துறைக்கு ஒரு மனு, நிதித் துறையின் ஒப்புதலுக்கு ஓராண்டுக் காத்திருப்பு. நிதியாண்டு முடிந்தால் ஒதுக்கீடும் போயிற்று. மறுபுறம், தலைநகரில் செல்வாக்குள்ள பெரிய அமைப்புகள் எப்படியோ தங்கள் பங்கைப் பெற்றுவிடும்.

முதல் ஐந்தாண்டுத் திட்டத்தில் தொண்டு நிறுவனங்களுக்கு உதவுவதற்காக நான்கு கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. திட்டத்தின் மொத்த அளவு 1952 டிசம்பரில் வெளியான இறுதி அறிக்கையின்படி 2,069 கோடி. அக்கால நாணயக் கணக்கில் சொன்னால், நூறு ரூபாய்க்கு ஏறத்தாழ மூன்றணா. தொகை சிறிதாயினும், தொண்டு நிறுவனங்களுக்கென்று தேசியத் திட்டத்தில் ஒரு வரி இடம்பெற்றது அதுவே முதல் முறை.

1953 ஆகஸ்டில் மத்திய சமூக நல வாரியம் உருவாயிற்று. துர்காபாய் அதன் முதல் தலைவர். வாரியத்தின் அமைப்பு முறையில்தான் அவரது சட்டமூளை தெரிந்தது. சமூக ஊழியர்களே பெரும்பான்மை உறுப்பினர்கள். கல்வி, சுகாதாரம், தொழிலாளர் நலம் ஆகிய அமைச்சகங்களின் பிரதிநிதிகளும் இருந்தனர். நிதி அமைச்சகத்தின் பிரதிநிதியும் அதே மேசையில் அமர்ந்தார். கோப்பு நிதி அமைச்சகத்துக்குப் போய்த் திரும்பும் பயணத்தை அந்த ஓர் இருக்கை மிச்சப்படுத்தியது. ஆட்சேபம் உண்டென்றால் அங்கேயே, அப்போதே சொல்லலாம், சொல்லாவிட்டால் ஒப்புதல்.

உதவி கோரும் நிறுவனம் முதலில் நேரில் பார்வையிடப்படும். அதன் கணக்குகள் சரிபார்க்கப்படும். மானியத்தோடு தன் பங்காக ஒரு தொகையை அந்த நிறுவனமும் ஊரில் திரட்டிக் காட்டவேண்டும். ஊர் மக்கள் கைப்பணம் தராத ஒரு சங்கம் ஊருக்கு வேண்டாத சங்கம் என்பது இந்த நிபந்தனைக்குப் பின்னால் இருந்த கணக்கு. ஏறக்குறைய ஒப்பந்தப்புள்ளியில் முன்வைப்புத் தொகை கேட்பது போன்றதே இதுவும். அங்கே ஒப்பந்தக்காரரின் பணபலம் சோதிக்கப்படுகிறது. இங்கே ஊராரின் நம்பிக்கை சோதிக்கப்பட்டது.

கிராமங்களில் சங்கங்களே இல்லை என்பது சில மாதங்களிலேயே தெரியவந்தது. பணம் கொடுக்கலாம், வாங்குவதற்கு ஆள் இல்லை. நகரத்து அமைப்புகளுக்கே எல்லாம் போய்விடும் என்ற நிலை. 1954 முதல் நல விரிவாக்கத் திட்டங்கள் தொடங்கப்பட்டன. ஒவ்வொன்றும் சுமார் 25 கிராமங்களை உள்ளடக்கியது. பாலர் பள்ளி, பிரசவ உதவி, பெண்களுக்கு எழுத்தறிவு, கைத்தொழில் ஆகியவை அவற்றின் வேலை. மாநிலங்களில் அமைந்த வாரியங்கள் இவற்றைக் கவனித்தன. பொறுப்புகளில் பெரும்பாலும் பெண்கள். வீட்டு வாசலைத் தாண்டிப் பழகாத பல பெண்கள் முதன்முறையாக அரசுப் பணத்தின் ரசீதில் கையெழுத்திட்டது அந்தத் திட்டங்களில்தான்.

1958-ல் வாரியம் தொடங்கிய சுருக்கக் கல்விப் பயிற்சி மயிலாப்பூர் வீட்டின் நேரடி வாரிசு. பள்ளியை விட்ட வயதுவந்த பெண்களை இரண்டு ஆண்டுகளுக்குள் தேர்வுக்குத் தயார் செய்து, செவிலியராகவும் ஆசிரியையாகவும் கிராம சேவிகையாகவும் ஆக்குவது அதன் நோக்கம்.

சட்டமில்லாத இடம்

இந்த இடத்தில் ஒரு முரண்பாட்டைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. கோயில் நுழைவில் ஒரு சொல்லைக்கூடத் தளர்வாக விட மறுத்த சட்டப்புலி, தம் வாழ்வின் மிகப் பெரிய நிறுவனத்தை நாடாளுமன்றச் சட்டத்தின் மீது எழுப்பவில்லை. வாரியம் பிறந்தது அரசின் ஒரு தீர்மானத்தால். சட்டப்படி அது எத்தகைய அமைப்பு, அதற்குக் கொடுக்கப்பட்ட பணத்தை மேலும் பிறருக்குக் கொடுக்க அதற்கு என்ன அதிகாரம் ஆகியவற்றுக்கு ஒரு சட்டம் விடை சொல்லவில்லை. விரைவாகப் பணம் போய்ச் சேர வேண்டும் என்ற அவசரம் புரிந்துகொள்ளக் கூடியதே. துர்காபாய் போன்றவர் தலைமையில் இருக்கும்வரை குறையும் தெரியாது.

இன்னொன்றும் இருந்தது. 1953 ஜனவரியில் துர்காபாய் அப்போதைய நிதியமைச்சர் சி.டி. தேஷ்முக்கை மணந்தார். ரிசர்வ் வங்கியின் முதல் இந்திய ஆளுநராக இருந்தவர் தேஷ்முக். எளிமையான பதிவுத் திருமணம்; சாட்சிகளில் ஒருவர் பிரதமர் நேரு. அதே ஆண்டு ஆகஸ்டில் பிறந்த வாரியத்துக்குப் பணம் தருவது கணவரின் அமைச்சகம், பணத்தைப் பெறுவது மனைவி தலைமையிலான வாரியம் என்ற நிலை 1956-ல் பம்பாய்ப் பிரச்சினையில் தேஷ்முக் பதவி விலகும்வரை நீடித்தது. இருவரின் நாணயத்தையும் ஐயுறுவதற்கு இடமில்லை. ஆயினும், இத்தகைய சூழ்நிலைகளுக்காகத்தான் சட்டங்கள் தேவைப்படுகின்றன. இருவரும் நேர்மையாளர்களாக இருந்தது நாட்டின் நல்வாய்ப்பு. நல்வாய்ப்பை நம்பி நிதி நிர்வாகம் நடத்த முடியாது.

அவருக்குப் பின் வந்த காலத்தில் மாநில வாரியங்களின் தலைவர் பதவிகள் ஆளுங்கட்சிக்கு வேண்டியவர்களுக்கு வழங்கப்படுவதாகப் பல மாநிலங்களில் புகார்கள் எழுந்தன. ஆட்சி மாறினால் தலைவரும் மாறுவது வழக்கமாயிற்று. சங்கங்களுக்குத் தேர்வு அளவுகோல் வைத்தவர், தேர்ந்தெடுப்பவர்களைத் தேர்ந்தெடுக்கச் சட்டப்பூர்வமான அளவுகோல் எதையும் விட்டுச் செல்லவில்லை. 1969-ல் வாரியம் கம்பெனிகள் சட்டத்தின் கீழ் அறப்பணி நிறுவனமாகப் பதிவு செய்யப்பட்டது. பிறந்து 16 ஆண்டுகளுக்குப் பின் அதற்குக் கிடைத்த சட்ட உருவம், நாடாளுமன்றம் இயற்றிய தனிச் சட்டத்தால் வந்ததல்ல.

கடைசி ஆண்டுகள்

1958-ல் மத்திய அரசு அமைத்த மகளிர் கல்விக்கான தேசியக் குழுவுக்குத் துர்காபாய் தலைமை வகித்தார். 1959-ல் அளிக்கப்பட்ட அதன் அறிக்கை ஆண், பெண் கல்விக்கு இடையிலான பள்ளத்தை நிரப்ப நிதியைத் தனியே ஒதுக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. பொதுக் கல்வி நிதியோடு கலந்துவிட்டால் பெண்களின் பங்கு கரைந்துவிடும் என்பதை அவர் கணக்குப் புத்தகங்களில் பார்த்திருந்தார். மகளிர் கல்விக்கான தேசியக் கவுன்சில் அதன் விளைவாக அமைந்தது.

1953-ல் சீனம் சென்றபோது அங்கு குடும்ப வழக்குகள் தனி நீதிமன்றங்களில் விசாரிக்கப்படுவதைக் கண்டு, இங்கும் அத்தகைய ஏற்பாடு வேண்டும் என்று பிரதமரிடமும் நீதிபதிகளிடமும் எடுத்துரைத்தார். குடும்ப நீதிமன்றங்கள் சட்டம் 1984-ல் வந்தபோது அதைப் பார்க்க அவர் இல்லை.

சமூக ஆய்வுகளுக்கென தில்லியில் சமூக மேம்பாட்டுக் கவுன்சிலை 1960-களில் கணவருடன் இணைந்து உருவாக்கினார். சமூக நலப் பணிகள் பற்றிய கலைக்களஞ்சியத்தைத் திட்டக் குழுவின் வெளியீடாகக் கொண்டு வரச் செய்ததும் அவரது முயற்சியே. 1975-ல் பத்ம விபூஷண் விருது பெற்றார். பின்னர் ஹைதராபாதில் தங்கி, அங்கு விரிவடைந்திருந்த ஆந்திர மகிள சபையின் பள்ளிகளையும் கல்லூரிகளையும் கவனித்து வந்தார். 1981 மே 9-ம் தேதி காலமானார். அடுத்த ஆண்டு அக்டோபரில் தேஷ்முக்கும் மறைந்தார்.

அவர் விட்டுச் சென்ற கேள்வி மட்டும் நாடாளுமன்றத்தின் பக்கம் பல ஆண்டுகளுக்கு வரவில்லை. அரசுக் கொள்முதலுக்குச் சட்டம் வேண்டும் என்ற எண்ணம் முதலில் மாநிலங்களில்தான் உருப்பெற்றது. தமிழ்நாடு 1998-லும் கர்நாடகம் 1999-லும் ஒப்பந்தப்புள்ளி நடைமுறைக்குச் சட்டம் இயற்றின. மத்தியில் பொது நிதி விதிகளும் நிர்வாக ஆணைகளுமே நீண்டகாலம் வழிகாட்டி வந்தன. அந்த விதிகளில் கொள்முதலுக்கு ஓர் அத்தியாயம், மானியங்களுக்கு வேறோர் அத்தியாயம். மானியம் பெற்ற அமைப்பு பயன்பாட்டுச் சான்றிதழ் தரவேண்டும் என்பது இரண்டாவது அத்தியாயத்தின் முக்கிய நிபந்தனை. சான்றிதழ்கள் உரிய காலத்தில் வராமல் தேங்கிக் கிடப்பதைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கைகள் திரும்பத் திரும்பக் குறிப்பிட்டு வந்துள்ளன.

2012 மே மாதம் பொதுக் கொள்முதல் மசோதா மக்களவையில் அறிமுகப்படுத்தப்பட்டது. பொருள்கள், கட்டுமானப் பணிகள், சேவைகள் ஆகியவற்றை மத்திய அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் வாங்கும் முறையை ஒழுங்குபடுத்துவது அதன் நோக்கம். 50 லட்சம் ரூபாய்க்குக் குறைந்த கொள்முதல்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டிருந்தது. அவையில் அது விவாதத்துக்கு வந்து நிறைவேறவில்லை. 2014-ல் 15-வது மக்களவை கலைக்கப்பட்டபோது அந்த மசோதாவும் காலாவதியானது.